வெட்டிய வேப்பங்கட்டை முனையில் வெடிக்காமல் இருக்க என்ன பூசலாம்?

கேள்வி: போன சித்திரையில் வரப்பிலிருந்த ஒரு வேப்பமரத்தை வெட்டி வீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்தேன். இருபது நாளில் இரண்டு முனையும் நட்சத்திரம் மாதிரி வெடித்துவிட்டன. சாமில்லில் அறுக்கும்போது பக்கத்துக்கு ஒன்றரை அடி கழித்துத் தள்ளினார்கள். இப்போது புது வீட்டு நிலைக்கும் கதவுக்கும் இன்னும் இரண்டு வேம்பும் ஒரு வாகையும் வெட்டப் போகிறேன். முனைக்குச் சாணி பூசு என்கிறார் மாமா; பெயிண்ட் அடி என்கிறார் ஆசாரி. அப்படி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துப் போகாதா?
(வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: வணக்கம் ஐயா. உளுத்துப் போகாது. முனையை மட்டும்தானே அடைக்கிறோம், பக்கவாட்டு முழுக்கத் திறந்துதான் இருக்கிறது.

கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பத் தாமதமானால் வெட்டுவாய்தான் முதலில் காய்கிறது, பார்த்திருப்பீர்கள். மரமும் அப்படித்தான். தண்ணீர் ஏறிய குழாய்களெல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே அறுத்ததும் அத்தனை குழாய்க்கும் வாய் திறந்துவிடுகிறது. பக்கவாட்டில் போவதைப்போல பத்து, பதினைந்து மடங்கு வேகத்தில் ஈரம் அந்த வழியாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும். அரை அடி உள்ளே பச்சையாக இருக்கும் மரம் சுருங்க விடாது. அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. வேலூர்க் கத்திரி வெயிலில் இதற்கு இருபது நாள்கூட வேண்டியதில்லை. முனையை அடைத்தால் மரம் காயாமல் போகாது. பக்கவாட்டு காயும் வேகத்துக்கு முனையும் இறங்கி வரும், அவ்வளவுதான்.

எதைப் பூசுவது என்பதைவிட எப்போது பூசுவது என்பதுதான் முக்கியம். வெட்டிய அன்றைக்கே, முடிந்தால் வாள் ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள். நானே ஒருமுறை மரம் வெட்டியவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விடிந்து பார்த்தால் வெட்டுமுகத்தில் மயிரிழை போலக் கோடுகள். அதன்மேல் எத்தனை கோட் அடித்தும் பயனில்லை, கோடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வந்த வெடிப்பை எந்தப் பூச்சும் மூடாது. நல்ல மரம் தெரியும்வரை அறுத்துத் தள்ளிவிட்டு, புது முகத்தில்தான் பூச வேண்டும்.

மாமா சொன்ன சாணி பழைய வழக்கம்தான், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டு நாளில் காய்ந்து பொருக்கு விட்டு உதிரும். தினமும் பூச ஆள் இருந்தால் சரி. கையில் வேறொன்றும் இல்லாத அன்றைக்கு ஈரச்சாக்கைப் போர்த்தி, சாணியும் பூசி ஒரு ராத்திரியைக் கடத்தலாம்.

எனக்குப் பிடித்தது மெழுகு. மெழுகுவத்தி செய்யும் பாரஃபின் மெழுகை வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். சூட்டோடு பழைய பிரஷ்ஷால் முனை முழுக்கப் பூசி, பக்கவாட்டிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இழுத்துவிடுங்கள். ஆசாரி சொன்ன எனாமல் பெயிண்டும் நல்லதுதான், ஒரு கோட் மட்டும் போதாது. முதல் கோட்டைக் குழாய்கள் குடித்துவிடும். இரண்டாவது, மூன்றாவதுதான் மேலே நிற்கும். மீந்துபோன பெயிண்ட் எந்த நிறமானாலும் பரவாயில்லை. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் மட்டும் வேண்டாம், ஈரம் அதன் வழியாகப் போய்விடும். தார் பிடித்து நிற்கும், ஆனால் வாளில் ஒட்டி சாமில்காரரிடம் திட்டு வாங்கித் தரும்.

கிளை வெட்டிய இடங்களும் வெட்டுமுகம்தான், அவற்றுக்கும் பூசுங்கள். சாமில்லில் குறுக்கே அறுக்கும் ஒவ்வொரு தடவையும் புது முனை பிறக்கிறது, அதற்கும் உடனே. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு உருளையாகவே போட்டு வைத்தால், முனையை அடைத்தாலும் நடுவிலிருந்து ஒரு பிளவு வரத்தான் செய்யும். வெட்டுமுகத்தில் தெரியும் வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மருந்து பூச்சில் இல்லை, வாளில் இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டு வைக்காமல் நெட்டி (மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மென்மையான பகுதி) வழியாகப் பிளந்து, நிலைக்கும் பலகைக்கும் அறுத்துவிடுங்கள். நிலைக்கட்டையில் நெட்டி அகப்படக் கூடாது. வாகையின் வெண்மரத்தில், அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியில், பூச்சி சீக்கிரம் விழும், அதற்கும் சீக்கிரம் அறுப்பதே நல்லது. தேவையான அளவுக்கு மேல் பக்கத்துக்கு அரை அடி நீளம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

அறுத்ததை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். காற்று வரும் கொட்டகையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், தள்ளிப்போனால் பலகை வளைந்துவிடும். உச்சியில் நாலு கல்லைத் தூக்கி வையுங்கள்.

முடிந்தால் வெட்டுவதைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்குலப் பலகை நம் பக்கம் நிழலில் மூன்று நாலு மாதத்தில் காய்ந்துவிடும், நிலைக்கட்டைக்கு ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அடுக்கிலிருந்து ஒரு சின்னப் பலகையில் அடையாளம் போட்டு, வாராவாரம் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் அந்தப் பலகை அடுக்கை ஆசாரியிடம் கொடுக்கலாம்.