பலகையில் உள்ள பதிவு எண் எதற்கானது?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. கோவையில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைக்கிறோம். முன்பணம் 2 லட்சம், மாதம் 25,000 ரூபாய். வாசல் பலகையில் ‘அரசு பதிவு பெற்றது’ என்று எண்ணோடு போட்டிருக்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அந்த எண்ணை எந்த அலுவலகம் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள் அம்மா. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்த எண்ணாக இருக்கலாம். சிலர் 80ஜி சான்றைக் காட்டுவார்கள். அது நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை, அவ்வளவுதான். ராத்திரி அம்மா விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இவற்றை யாரும் கொடுப்பதில்லை.

உங்களுக்கு வேண்டியது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி முதியோர் இல்லமாகப் பதிவு செய்த சான்று. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சான்றில் இருக்கும் முகவரி நீங்கள் பார்த்த கட்டடத்தின் முகவரிதானா, காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். அம்மாவுக்கு மனநலச் சிகிச்சையும் சேர்த்துத் தருகிறோம் என்றால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழ் தனிப் பதிவு வேண்டும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு காப்பகம் உரிமம் இல்லாமலே நடந்தது 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது.

சரி, முன்பணம். அம்மா இடம் மாறினாலோ காலமானாலோ எத்தனை நாளில், எவ்வளவு திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டணம் வாங்கும் இல்லம் என்பதால் நீங்கள் நுகர்வோர். தகராறு வந்தால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

அப்புறம், முதியோர் உதவி எண் 14567-ஐ அம்மாவின் போனில் பதிந்து கொடுங்கள். போனை அலுவலக அறையில் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இல்லத்தில் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.