நோராவும் ஆகவில்லை

ஐயா, வணக்கம்.

ஜப்பானியப் பெண் கவிஞர் சுகிதா ஹிசாஜோவின் ஹைக்கூக்களை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறேன். ‘காலுறை தைக்கிறேன் / நோரா ஆகவில்லை / ஆசிரியரின் மனைவி’. இது சரியா? 17 அசை கட்டாயமா? கடைசியில் மனநோயாளியாக இறந்தாராமே, முன்னுரையில் எழுதலாமா?

எம்.

அன்புள்ள எம்,

அசைக் கணக்கை விடுங்கள். ஜப்பானியர் எண்ணுவது கிட்டத்தட்ட நம் மாத்திரை, அசை அல்ல.

மூன்றாவது கேள்விக்குக் கோபம்தான் வந்தது. 1936இல் அவருடைய குரு தகஹாமா கியோஷி, காரணம் சொல்லாமல், தான் நடத்திய ‘ஹொதொதொகிஸு’ ஹைக்கூ இதழின் உறுப்பினர் பட்டியலிலிருந்து ஹிசாஜோவை நீக்கினார். ஹிசாஜோ தன் தொகுப்புக்கு அவரிடம் முன்னுரை கேட்டு மன்றாடியும் கிடைக்கவில்லை. போர் முடிந்த பஞ்சத்தில், 1946 ஜனவரியில், மனநல மருத்துவமனையொன்றில் ஹிசாஜோ இறந்தார். வயது 55. 1952இல் தொகுப்பு வந்தது. முன்னுரை அதே கியோஷி! உயிரோடு இருக்கையில் போடாத சோற்றைத் திதியில் படைத்த மாதிரி. நீங்களும் ஒரு முன்னுரையோடு கிளம்பாதீர்கள். முதலில் வரியைப் படியுங்கள்.

மூலத்தில் ‘நோரா தொ மோ நராசு’. அந்த ‘மோ’வை எங்கே தொலைத்தீர்கள்? ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று சொல்லைத் தேடி அலைய வேண்டும். நமக்கென்ன கேடு? ‘உம்’ இருக்கிறதே! நோராவும் ஆகவில்லை. பள்ளியில் படித்த எச்சவும்மைதான். சொல்லாமல் விட்ட ஒன்று அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. இப்சன் நாடகத்து நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள். ஹிசாஜோ வெளியேறவும் இல்லை, ஒட்டுப்போடுவதில் நிறைவு காணவும் இல்லை. டோக்கியோவில் படித்தவர், ஓவியனுக்கு வாழ்க்கைப்பட்டதாக நினைத்து 1909இல் மணந்தார். கணவரோ கொகுரா ஊர்ப் பள்ளியில் டிராயிங் வாத்தியாராகவே இருந்துவிட்டார். 1922இல் வந்த இந்த வரியில் அத்தனையும் ஓரெழுத்தில் தொங்குகிறது. நீங்கள் அதைக் கத்தரித்துவிட்டுச் சரியா என்கிறீர்கள்!

‘தைக்கிறேன்’ என்பதும் வேண்டாம், மூலத்தில் ‘நான்’ இல்லை. டாபி, பெருவிரல் தனியாகப் பிரிந்த துணிக்காலுறை. அதை அப்படியே வையுங்கள்.

டாபிக்கு ஒட்டுப்போட்டபடி
நோராவும் ஆகாமல்
வாத்தியார் பெண்டாட்டி

‘ஆசிரியரின் மனைவி’ என்று யார் வீட்டில் சொல்கிறார்கள்? என் அம்மாவை ஊரே வாத்தியாரம்மா என்றது. பாடம் நடத்தியவர் அப்பா. அவர் சட்டைக் காலர் நைந்துவிட்டால் அம்மா தையலைப் பிரித்து, காலரைத் திருப்பி வைத்துத் தைப்பாள். நைந்த பக்கம் உள்ளே போய்விடும், சட்டை இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ ஏம்மா டீச்சராகல?” என்று கேட்டேன். நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோத்துக்கொண்டே சொன்னாள்:

“பத்தாவதும் எழுதலடா.”

அப்புறம் காலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.