திருடு போன கார்டும் போலித் தளமும்: வங்கியிடம் பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: விடுமுறைக் காலத் தள்ளுபடி விற்பனையின்போது, நெரிசல் மிகுந்த ஒரு கடையில் என் பர்ஸ் திருடு போனது. அதிலிருந்த டெபிட் கார்டை, பின் எண் இல்லாமலேயே இயந்திரத்தில் தட்டி மூன்று முறை பொருள் வாங்கியிருக்கிறார்கள். "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டுகிறார் கடைக்காரர். என் கவனக்குறைவு என்கிறது வங்கி. அதே வாரம், சமூக ஊடக விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் காலணிக்குப் பணம் கட்டினேன். பொருள் வராததால், தேடிக் கிடைத்த வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓடிபி வாங்கி, இன்னொரு தொகையையும் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே புகாராக வங்கியில் கொடுத்துள்ளேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த ஒரே புகாரை முதலில் இரண்டாகப் பிரித்து, தனித்தனி மனுக்களாக வங்கியில் கொடுங்கள். ஒரே வாரத்தில் நேர்ந்தவை என்பதைத் தவிர, சட்டத்தின் பார்வையில் இந்த இரண்டு இழப்புகளுக்கும் தொடர்பே இல்லை. முதலாவதில் உங்கள் சம்மதம் இல்லை. இரண்டாவதில் ஓடிபியை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சேர்த்து எழுதினால், இரண்டாவதில் நீங்கள் ஒப்புக்கொண்டதைக் காட்டியே முதலாவதையும் தள்ளிவிடுவது வங்கிக்கு எளிதாகிவிடும்.

கார்டு விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிகளின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத நிலையில் நடந்த அனுமதியற்ற பரிவர்த்தனையை, அது குறித்த தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளர் எதையும் இழக்க வேண்டியதில்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கும் தாமதமானால் வங்கியின் சொந்தக் கொள்கையே தீர்மானிக்கும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே, கவனக்குறைவு என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட முடியாது. பின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கார்டோடு வைத்திருந்தீர்கள் என்றால் கதை வேறு. ஆனால் இங்கே தட்டியவருக்குப் பின் எண் தேவைப்படவே இல்லை. நெரிசலில் பர்ஸைப் பறிகொடுத்தது திருட்டே தவிர கவனக்குறைவு ஆகாது என்பதே என் வாதமாக இருக்கும்.

உங்கள் போனுக்கு வந்த மூன்று குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் உள்ள நேரத்தையும், கார்டை முடக்கச் சொன்னபோது கிடைத்த புகார் எண்ணையும் அதன் நேரத்தையும் மனுவில் அடுத்தடுத்து எழுதுங்கள். முடக்கச் சொன்ன பிறகு ஒரு தட்டல் நடந்திருந்தாலும் அந்தத் தொகை முழுவதும் வங்கியின் பொறுப்பு. இன்னொரு கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள்: தட்டிச் செலுத்தும் வசதி உங்கள் கார்டில் எப்போது, யார் கேட்டு இயக்கப்பட்டது? 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வாடிக்கையாளர் கேட்காமல் அந்த வசதியை இயக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு வங்கிகள் சட்டென்று பதில் தருவதில்லை.

கடைக்காரரைப் பொறுத்தவரை, உங்கள் கையிலிருந்த பையில் அந்நியர் ஒருவர் திருடியதற்கு அவரைப் பொறுப்பாக்குவது கடினம். வாசலில் டோக்கன் கொடுத்துப் பையை வாங்கி வைத்திருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு அவர்மேல் பாதுகாப்புக் கடமையைச் சுமத்துகிறது. அப்போது பலகையைக் காட்டி எளிதில் தப்ப முடியாது. இப்போது அவரிடம் பெற வேண்டியது கண்காணிப்புக் கேமராப் பதிவு மட்டுமே. பழைய பதிவுகள் அழிந்து புதியவை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே கடிதம் கொடுத்து, அதன் நகலைக் காவல் நிலையத்தில் தரும் திருட்டுப் புகாருடன் இணைத்துவிடுங்கள்.

இணைய இழப்பில் பொய் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. ஓடிபியைப் பகிர்ந்ததால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது; தெரிவித்த பிறகு ஏற்படுவது மட்டுமே வங்கியுடையது. எனவே இங்கே வழி குற்றவியல் சட்டம்தான். 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்; பணம் மோசடிக்காரரின் கணக்கை விட்டு வெளியேறியிராவிட்டால் முடக்கிவைத்துப் பிறகு மீட்க வாய்ப்புண்டு. இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இச்செயலுக்குப் பொருந்தும். காலணிக்கான முதல் தொகையைக் கார்டு மூலம் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் முறை) கோருங்கள். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கார்டு தொடர்பான மனுவுக்கு வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு மாற்றாக, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வங்கிமேல் வழக்குத் தொடரலாம். எந்த வழியில் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது வங்கியில் கொடுத்த மனுவின் நகல்தான்; அதில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பாதீர்கள்.