ஜெர்மனியின் எஸ்.எம். யு-9 நீர்மூழ்கி முதல் உலகப் போரில் அப்படி என்ன செய்தது?

சுருக்கமாகச் சொன்னால், ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் குரூசர் ரகப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. டான்சிக்கில் கட்டி 1910-ல் கடற்படையில் சேர்த்த படகு இது. மண்ணெண்ணெய் எஞ்சின்தான், மேலே ஓடினால் புகை கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் போர் தொடங்கியபோது இதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை.

1914 செப்டம்பர் 22, ஹாலந்து கடலோரம். கேப்டன் ஓட்டோ வெடிகன் முதலில் அபூகிர் கப்பலை அடித்தார். கண்ணிவெடி என்று நினைத்து, தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்ற ஹோக், கிரெஸ்ஸி இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன. அதுதான் வினையாகிப் போனது. நீருக்கடியிலேயே டார்பிடோவை (கப்பலைத் தாக்க நீருக்குள் பாயும் குண்டு) மறுபடி ஏற்றும் பயிற்சியைப் போருக்கு முன்பே அவர் செய்து பார்த்திருந்தார், அது இங்கே கைகொடுத்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றும் காலி, 1,400-க்கும் மேற்பட்டோர் பலி. பழைய கப்பல்கள்தான், ஆனால் நீர்மூழ்கியை விளையாட்டுப் பொருளாகப் பார்த்தவர்களின் எண்ணம் அன்றோடு மாறியது.

(நம்ம சென்னையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதும் அதே நாள் இரவுதான்! ஜெர்மனியின் வீர விருதான இரும்புச் சிலுவைச் சின்னம் பெற்ற கப்பல்களும் இந்த இரண்டுதான்.)

அக்டோபர் 15-ல் ஹாக் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குரூசரையும் யு-9 மூழ்கடித்தது. வெடிகன் அப்புறம் யு-29 நீர்மூழ்கிக்கு மாறி, 1915 மார்ச்சில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டிரெட்நாட் அதன்மேல் மோதியதில் இறந்தார். யு-9 மட்டும் தப்பியது. 1916 முதல் பயிற்சிப் படகு, 1918 நவம்பரில் பிரிட்டனிடம் சரண், 1919-ல் இங்கிலாந்தின் மோர்கம்பில் உடைத்துவிட்டார்கள்.