வழி தவறுவதற்கான முன்னேற்பாடு

வணக்கம்.

முதல் தடவையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். ஒரே நகரம், ஆறு நாட்கள். காலை 8 முதல் இரவு 9 வரை அரைமணிக்கு அரைமணி எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். ‘திட்டத்தில் இல்லாத தெருவில்தான் ஊர் இருக்கிறது’ என்று நீங்கள் முன்பு எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பட்டியலைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் வழி தவறினால் கைகால் உதறிவிடும் ஆள் நான். மொழியும் தெரியாது. தைரியம் வர என்ன செய்வது? பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடவா? அம்மா வேறு நாள் முழுக்க லைவ் லொகேஷன் போடச் சொல்கிறார்.

கே.

அன்புள்ள கே,

பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். தைரியமும் வேண்டாம். வழி விலகிப் போகிறவருக்கு வேண்டியது கையில் கொஞ்சம் நேரம், திரும்பி வரும் வழி எது என்ற தெளிவு. இவை இருந்தால் பயந்தாங்கொள்ளியும் ஊர் சுற்றலாம். இல்லாவிட்டால் சூரனும் தெருமுனையில் நின்று வியர்த்துக் கொட்டுவார்.

உங்கள் பட்டியலில் நுழைவு நேரம் குறித்து முன்பதிவு செய்தவற்றை மட்டும் தனியே எடுங்கள். நான்கைந்துதான் தேறும். நாளுக்கு ஒன்றாக, காலையின் முதல் நேரத்துக்கு மாற்றுங்கள். மதியம் 3 மணிக்கு ஒரு டிக்கெட் இருந்தால் 12 மணியிலிருந்தே கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பக்கத்துச் சந்து கூப்பிட்டாலும் கால் போகாது. காலை 9 மணிக்குப் போனது 11 மணிக்கு முடிந்தால் மிச்சப் பொழுது உங்களுடையது. மற்ற இடங்களுக்கு நேரம் போடாதீர்கள், பேட்டைவாரியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேடிப் போய்த் தவறினாலும் அதே பேட்டையின் இன்னொன்று கிடைக்கும். வார விடுமுறையையும் பார்த்துவிடுங்கள்: பாரீஸின் லூவ்ர் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை, ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. விமானம் ஏறும் நாளில் மட்டும் எந்த விலகலும் கூடாது.

திரும்பும் வழியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ‘போனில் மேப் இருக்கிறதே’ என்பது பாதி உண்மை. கூகுள் மேப்ஸில் நகரத்தை இறக்கி வைத்திருந்தாலும், இணையம் இல்லாதபோது அது கார் ஓட்டும் வழியைத்தான் சொல்லும். நடைவழி, பஸ், ரயில் எதுவும் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலி ஒன்றையும் போட்டு, வரைபடத்தை அறையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அது இணையம் இல்லாமலே நடைவழி சொல்லும். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை. ஆனால் நெட் இல்லாவிட்டால் இடத்தைப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். வானம் தெரிகிற இடத்தில் நின்று காத்திருங்கள்.

மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பொய்யும் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், அது அடுத்த தெருவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்தவுடன் அது காட்டும் திசையையும் நம்பாதீர்கள். போனின் திசைகாட்டி காந்தத்தை வைத்து இயங்குவது, சுற்றியுள்ள இரும்பு அதைக் குழப்பும். முப்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். தெருவோர வரைபடங்களிலும் ஒரு பொறி உண்டு: ஜப்பானில் பல பலகைகளில் மேற்பக்கம் வடக்கு அல்ல, பார்ப்பவர் முகம் நோக்கி நிற்கும் திசை.

போன் அணைந்தே போனால் மொட்டை மாடிகளைப் பாருங்கள். டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. ஆகவே ஐரோப்பிய நகரங்களில் டிஷ்கள் ஏறக்குறைய தெற்கே பார்க்கும், தென் ஆஸ்திரேலியாவில் வடக்கே. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இந்த வித்தை பலிக்காது. வீட்டு எண்களும் உதவும், ஆனால் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பாரீஸில் ஸேன் ஆற்றை விட்டு விலகிச் செல்லும் தெருக்களில் எண்கள் ஆற்றுப் பக்கமிருந்து தொடங்கும். எண் குறைந்தால் ஆறு நெருங்குகிறது. வெனிஸில் எண் தெருவுக்கு அல்ல, பேட்டை முழுவதற்குமாக ஓடும். அங்கே சுவரில் ‘ரியால்டோ’ (பாலம்), ‘சான் மார்கோ’ (சதுக்கம்) என்று அம்புக்குறி போட்டிருப்பதைப் பிடித்துக்கொள்வதே மேல். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, முகவரி பிளாக்குகளை வைத்து அமைவது. நீங்கள் போகும் ஊர் எந்த ரகம் என்று கிளம்புமுன் பத்து நிமிடம் படித்துவிடுங்கள். விடுதியின் பெயர், முகவரி, பக்கத்து ரயில் நிலையம், அதன் எந்த வாசல் என்பதை உள்ளூர் எழுத்தில் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறை எண் குறித்த சாவி உறையை வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

தப்பான பஸ்ஸில் ஏறியது தெரிந்ததும் பதறி இறங்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து இறங்கும் நிறுத்தம் வரும்வரை உட்காருங்கள். இறங்கிய பின் எதிர்ச்சாரியில் அதே எண்ணுக்கு நிறுத்தம் இல்லையென்றால் அது அநேகமாக ஒருவழித் தெரு, திரும்பும் பஸ் பக்கத்து இணைத்தெருவில் போகும். விரைவு ரயில் உங்கள் நிலையத்தைத் தாண்டிவிட்டால், அடுத்து நிற்குமிடத்தில் இறங்கி, நிலையத்தின் டிக்கெட் கதவைத் தாண்டாமலே பெரும்பாலும் எதிர் பிளாட்பாரத்துக்குப் போகலாம். கார்டைக் காட்டி வெளியேறினால் பல ஊர்களில் அது புதுப் பயணமாகிவிடும். அல்லது வெளியே போய்ப் பாருங்களேன், மதியத்தைக் காலி செய்ததே அதற்குத்தானே.

ரயில் ஓடாத நாளில் சுரங்க ரயில் வரைபடத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். அவை பெரும்பாலும் 1933-இல் லண்டனில் வெளியான, ஹாரி பெக் வரைந்த சுரங்க ரயில் வரைபடத்தின் வழிவந்தவை, உண்மையான தூரத்தைக் காட்டுவதில்லை. லண்டனின் லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் நிலையங்களுக்கு இடையே சுமார் 260 மீட்டர்தான். தெரு வரைபடத்தில் பார்த்தால் நடந்தே போய்விடலாம் என்று தெரியும்.

எல்லா விலகலும் ஒன்றல்ல. நீங்களாகத் திரும்பிய சந்து வேறு, யாரோ உங்களைத் திருப்பிய சந்து வேறு. பாங்காக்கில் ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’ என்று கனிவாகச் சொல்லி, டுக்டுக்கில் ஏற்றி ரத்தினக்கல் கடைக்குக் கொண்டுபோவது வெகுநாளைய வித்தை. பெய்ஜிங், ஷாங்காயில் ‘ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், தேநீர் குடிக்கலாம் வாருங்கள்’ என்று தொடங்கி, தலைசுற்றும் பில்லில் முடியும். அரண்மனை மூடியிருக்கிறதா என்று வாசல்வரை போய்ப் பார்ப்பதே முதல் வித்தைக்கு மருந்து. தானாக வந்து பேசுகிறவரிடம் வழி கேட்காதீர்கள்; கடைக்குள் நிற்பவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் என்று இடத்தை விட்டு நகர முடியாதவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ‘நிலையம் இந்தப் பக்கமா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். பெயரைச் சொல்லி ‘எங்கே?’ என்று கேளுங்கள், கை தானாகத் திசை காட்டும்.

எப்போது திரும்புவது? நடைபாதை அற்றுப்போய் நெடுஞ்சாலையோ கிடங்குகளோ தொடங்கினால் அங்கேயே. முக்கால் மணி நடந்தவருக்குத் திரும்பவும் முக்கால் மணி வேண்டும், அதுவும் களைத்த காலோடு. இதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே குறித்து, அதற்கு ஒரு மணி முன்னதை உங்கள் கடைசி ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் 30 சதவீதத்துக்கு வந்தால் பவர் பேங்கை மாட்டுங்கள். பவர் பேங்க் இருக்கும், கேபிள் அறையில் கிடக்கும். இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள்.

அம்மாவுக்கு லைவ் லொகேஷனை விட நேரம் சொல்வது நல்லது. நெட் அறுந்தால் புள்ளி அசையாமல் நிற்கும், அங்கே வீடே கலங்கிவிடும். ‘இரவு 9 மணிக்கு அறைக்கு வந்து செய்தி போடுவேன், 10 மணிவரை வராவிட்டால் விடுதிக்குப் பேசுங்கள்’ என்று விடுதியின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அந்த 9 மணி அங்கத்திய நேரமா, வீட்டு நேரமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.