வாசகர் கேள்வி: என் வீட்டு மாமரத்தை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில், புக்கிட் தீமா பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். பின்பக்கத்து மாமரத்தின் வேர் வடிகாலைப் பிளந்துவிட்டது. வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளர், "உங்க இடம், உங்க மரம், அரை நாளில் சாய்ச்சிடலாம்" என்கிறார். வெட்டிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மரம் உங்களுடையதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் தாங்ளின், புக்கிட் தீமா பக்கம் ஒன்று, சாங்கியில் ஒன்று என இங்கே இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் இருக்கின்றன. உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வந்தால், சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. மாவா, பலாவா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை.

அதனால் முதல் வேலையாகத் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட முழங்கால் மட்டத்தில், அளக்க வேண்டும். பலர் நின்றவாக்கில் நெஞ்சு உயரத்தில் அளந்துவிட்டு "95 சென்டிமீட்டர்தான்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கீழே குனிந்தால் கணக்கு மாறும். 1 மீட்டர் சுற்றளவு என்பது குறுக்கே வெறும் 32 சென்டிமீட்டர், வளர்ந்த மாமரம் சுலபமாகத் தாண்டிவிடும்.

எல்லைக்கு வெளியே, ஆள் குடியிருக்கும் வீடு என்றால் இந்த விதி இல்லை. காலி மனை என்றால் தீவில் எங்கே இருந்தாலும் உண்டு. அப்புறம், வாசலில் சாலையோரமாக நிற்கும் மரம் உங்களுடையதே இல்லை, அதில் கைவைக்க வேண்டாம்.

சாங்கியில் 2002-இல் நடந்தது நினைவிருக்கலாம். 150 வயதுக்கு மேற்பட்ட செங்கால் பாசிர் மரம் ஒன்றை அனுமதியில்லாமல் வெட்டிய நிறுவனத்துக்கு 8,000 வெள்ளி அபராதம், அதற்கு மேல் இழப்பீடு வேறு. இப்போதைய சட்டத்தில் அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். சாங்கி என்ற பெயரே அந்த மர வகையிலிருந்து வந்ததென்று சொல்பவர்கள் உண்டு, அங்கேயே இப்படி!

சரி, உங்கள் விஷயம். வடிகால் பிளவையும் வேரையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். வேரை மட்டும் வெட்டி மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று மர நிபுணர் ஒருவரைக் கேட்டுவிடுவதும் நல்லது. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை குத்தகையாளர் ரம்பத்தை எடுக்க வேண்டாம்.