விளையாட்டுத் தொகுப்பாளர்கள் சமூக ஊடகத்தில் அரசியல் பேசலாமா?

பேசலாம் என்பதுதான் என் பதில். மைக் முன்னால் பந்தைப் பற்றிப் பேசுவதற்குத்தான் சம்பளம், சரி, ஆனால் வேலை முடிந்த பிறகும் வாயைப் பூட்டிக்கொள் என்று சொல்ல அந்தச் சம்பளம் போதாது.

2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டன் அரசின் அகதிகள் கொள்கையைப் பற்றி ட்விட்டரில் எழுதிய கேரி லினேக்கர் (அப்போது பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியான 'மேட்ச் ஆஃப் தி டே'யின் தொகுப்பாளர்), அதில் புழங்கும் மொழி 1930களின் ஜெர்மனியை ஒத்திருக்கிறது என்றார். பிபிசி அவரை ஒதுக்கி வைத்தது. உடனே அதே நிகழ்ச்சியில் ஆட்டத்தை அலசிவந்த இயன் ரைட், ஆலன் ஷியரர், அப்புறம் வர்ணனையாளர்களும் வர மறுத்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை 'மேட்ச் ஆஃப் தி டே' தொகுப்பாளரும் வர்ணனையும் இல்லாமல், தொடக்க இசைகூட இல்லாமல், வெறும் 20 நிமிடம் ஓடியது. கோல் விழுகிறது, கூட்டம் கத்துகிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமையே சமரசம் ஆகிவிட்டது.

பிபிசி மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது, அதனால் நடுநிலை பற்றிய கவலை நியாயம்தான். ஆனால் அந்தக் கண்டிப்பு செய்தி வாசிப்பவருக்குப் பொருந்தும் அளவுக்கு ஆட்டத்தை அலசுபவருக்குப் பொருந்தாது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த புது விதியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: முக்கிய நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் பிரச்சினைகளைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், கட்சிக்கு ஆதரவு திரட்டக் கூடாது, தனிமனிதத் தாக்குதலும் கூடாது.

தனியார் நிறுவனத்தில் கணக்கு வேறு. 2017இல் தன் தொகுப்பாளர் ஜெமெல் ஹில்லை அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் இரண்டு வாரம் இடைநீக்கம் செய்தபோது, அவர் விளம்பரதாரர்களைப் புறக்கணிப்பது பற்றி எழுதியிருந்தார். பணம் வரும் இடத்தைத் தொட்டால் பொறுமை சட்டென்று தீர்ந்துவிடுகிறது.